111 ரூபாய் டீசலுக்குப் போட்ட கணக்கு

2022க்கான வரவு செலவு மதிப்பீட்டை நாங்கள் 2021 நடுப்பகுதியில் போட்டபோது டீசல் லீற்றர் 111 ரூபாய். திருகோணமலையில் ஒரு மாகாணத் திணைக்களத்தின் கணக்குக் கிளையில் இருந்தேன். போன வருடத் தொகையை எக்செல்லில் எடுத்து 10 வீதம் கூட்டிப் போடுவோம், அதுதான் எங்கள் முன்கணிப்பு. (இதற்கு ஒரு பல்கலைக்கழகப் பட்டம் வேறு.)

அடுத்த வருடம் ஜூன் 26ஆம் தேதி அதே டீசல் 460 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கிடைத்தால்தானே! சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற ஊரில், எங்கள் கந்தோர் சாரதி வாகனத்தை வரிசையில் விட்டு அதற்குள்ளேயே படுத்தெழும்பினார்.

பெரிய பற்றாக்குறை வரப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன், ஆனால் வருட முடிவில் எரிபொருள் செலவு ஒதுக்கீட்டுக்குக் கிட்டத்தான் நின்றது. "பார்த்தீங்களா தம்பி, உங்கட கணிப்புச் சரியா வந்திருக்கு" என்று மேலதிகாரி பாராட்டினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரூபாயில் சரிதான், லீற்றரில் பார்த்தால் நினைத்ததில் பாதிகூட இல்லை, அவ்வளவுதான். வெருகலுக்கும் சேருவிலவுக்கும் போயிருக்க வேண்டிய களப்பயணங்கள் நடக்கவேயில்லை, அது அறிக்கையில் எந்த நிரலிலும் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலில் எத்தனை லீற்றர், எத்தனை ரீம் கடதாசி, எத்தனை பயண நாள் என்று எழுதி, விலையைத் தனி நிரலில் வைக்கப் பழகினேன். விலை மாறினால் அந்த ஒரு நிரலை மாற்றினால் போதும், எந்த வேலை அடிபடும் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

வருமானப் பக்கம் வேறு மாதிரி. வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் ஓரளவு நம்பக்கூடியது, 2020இல் இறக்குமதி நின்றாலும் ஓடுகிற பழைய வாகனத்துக்கு வருடா வருடம் புதுப்பிக்கத்தானே வேண்டும். முத்திரைத் தீர்வை காணி விற்பனையோடு ஏறி இறங்கும். ஆனால் சில வரிகள் கொழும்பில் எடுக்கிற ஒரு முடிவோடு மொத்தமாகவே போய்விடும். 2011இல் மாகாணங்கள் வியாபார விற்பனை மீது எடுத்த புரள்வு வரியை நிறுத்தி, அதற்குப் பதிலாக மத்திய அரசு எடுத்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு தந்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியே இல்லாமல் போயிற்று. இதை எந்தப் போக்குக் கோட்டை வைத்துக் கணிப்பது? மிச்சம் பெரும்பகுதி மத்தியிலிருந்து வரும் நன்கொடைதான், அதிலும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட எந்த மாதம் காசு கைக்கு வரும் என்பதே எங்கள் தலையிடி. டிசம்பர் கடைசியில் வந்தால் அதை வைத்து என்ன வேலை செய்ய முடியும்?

ஒருமுறை குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று மூன்று தொகை போட்டுக் கொண்டுபோனேன். மேலதிகாரி பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதில எது சரி?" என்று கேட்டார். எது சரி என்று தெரிந்தால் நான் ஏன் மூன்று போடுகிறேன்? அப்படிச் சொல்லவில்லை, "சேர்" என்று தலையாட்டினேன். நடுவில் உள்ளதைப் பேனையால் வட்டம் போட்டு, மற்ற இரண்டையும் அச்செடுக்கும்போது மறைத்துவிடச் சொன்னார். மறைத்தேன், அழிக்கவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் அவரே கூப்பிட்டு, "அந்தக் குறைஞ்ச தொகை இருந்ததே தம்பி, அதை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார்.