நாலே நாலு செகண்ட்

பெண்களுக்கான சைக்கிள் பந்தயமான டூர் தெ பிரான்ஸ் ஃபெம், அதன் 2024 போட்டியின் கடைசி நாள் வீடியோவை இன்றைக்கு மறுபடியும் போட்டுப் பார்த்தேன், முடிவு தெரிந்தும் கை நடுங்குகிறது.

மொத்தம் 8 கட்டம், எல்லாக் கட்டத்தையும் சேர்த்துக் குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கே பட்டம். 5ஆம் கட்டத்தில் முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியோடு போய்க்கொண்டிருந்த டெமி வோலரிங் கடைசி சில கிலோமீட்டரில் கீழே விழுந்தார். அவர் தட்டுத்தடுமாறி எழுந்து வருவதற்குள் ஒன்றே முக்கால் நிமிடம் போச்சு, அதே கட்டத்தை ஜெயித்தது அவருடைய அணிக்காரியே என்பதுதான் கொடுமை. காத்திருந்து இழுத்துக்கொண்டு வர ஒரு ஆள் கூடவா இல்லை? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் கடைசி நாள். மொத்த நேரத்தில் முன்னிலையில் கசியா நியவியதோமா, வோலரிங் 1 நிமிடம் 15 செகண்ட் பின்னால். கிளாந்தோன் ஏற்றத்திலேயே வோலரிங் பிய்த்துக்கொண்டு கிளம்பி, அல்ப் தூவேஸ் மலையின் 21 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முதலாவதாக வந்தார். முதலிடத்துக்கு 10 செகண்ட் போனஸ் வேறு, அது மொத்த நேரத்தில் கழியும். எல்லாரும் கடிகாரத்தையே பார்க்க, கசியா 1 நிமிடம் 1 செகண்ட் கழித்துக் கோட்டைத் தொட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மிச்சம் 4 செகண்ட், பட்டம் கசியாவுக்கு! ஆண்கள் டூரில்கூட இவ்வளவு நெருக்கமாக முடிந்ததில்லை, 1989இல் லெமாண்ட் ஜெயித்ததே 8 செகண்டில்தான்.

நான் வோலரிங் கட்சி. ஆனாலும் அந்த மலையில் தனக்கு முன்னால் போனவரைத் துரத்தித் துரத்தி, விடாமல் மிதித்த கசியாவைத் திட்ட மனசு வரவில்லை.