பாங்காக்கில் அம்மாவுடன் ஐந்து நாள்

பாங்காக் என்று முடிவானதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க தயிர்சாதம் கிடைக்குமா?" இரண்டாவது, "விசாவுக்கு எவ்வளவு?" இரண்டாவதற்குப் பதில் சுலபமாக இருந்தது. 2025 ஆகஸ்டில் நாங்கள் போனபோது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 60 நாள் வரை இருக்கலாம். இந்த மாதிரி சலுகைகள் எப்போது வேண்டுமானாலும் மாறும். டிக்கெட் போடும் முன் தாய்லாந்து தூதரகத்தின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விசா இல்லையே தவிர, வேறொரு வேலை இருந்தது. முன்பெல்லாம் விமானத்தில் கொடுத்துக்கொண்டிருந்த காகிதப் படிவத்துக்குப் பதிலாக, 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை வந்துவிட்டது. போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கப்போகும் முகவரி, அவ்வளவுதான். நான் தேடியபோது முதலில் வந்து நின்ற தளத்தில் எல்லாவற்றையும் நிரப்பி முடித்து, அம்மாவுடையதையும் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்டபோதுதான் உறைத்தது. இந்த அட்டைக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. தாய்லாந்து அரசின் தள முகவரிகள் கோ டாட் டிஹெச் என்று முடியும். முகவரியைப் பார்த்துவிட்டு அங்கே போய்த் திரும்ப முதலிலிருந்து நிரப்பினேன். பத்து நிமிடத்தில் மின்னஞ்சலுக்கு கியூஆர் கோடு வந்துவிட்டது. போனில் இருந்தாலும் ஒரு பிரிண்ட் கையில் வைத்துக்கொண்டேன். விடியற்காலையில் போய் இறங்கும்போது போனில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். விமான நிலையத்தின் பெயர் நம்முடைய சுவர்ணபூமிதான், ஆனால் டாக்ஸிக்காரரிடம் அப்படிச் சொன்னால் விழிப்பார். அவர்கள் வாயில் அது 'சுவன்னபூம்'. குடியேற்ற வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். அதிகாரி ஓட்டல் பதிவை மட்டும் கேட்டார். திரும்பும் டிக்கெட்டையும் கேட்கலாம் என்பதால் இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைப்பது நல்லது.

வெளியே வந்ததும் "டாக்ஸி, மேடம், டாக்ஸி" என்று இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஐந்து நாளில் நான் கண்டுபிடித்த ஒரே கணக்கு இங்கேதான் ஆரம்பித்தது. பாங்காக்கில் நாமாகப் போய் யாரிடம் கேட்டாலும் தங்கமாக உதவுகிறார்கள். தானாக வந்து உதவுகிறவரிடம்தான் ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும்.

முறையான டாக்ஸி வரிசை '1' என்று போட்டிருக்கும் தரைத்தளத்தில் இருக்கிறது. இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் எந்த வண்டி என்று வரும். மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாத், விரைவுச்சாலை வழியாகப் போனால் சுங்கமும் நம் தலையில். பெட்டி குறைவாக இருந்ததால் நாங்கள் அடித்தளத்துக்கு இறங்கி நகர ரயிலைப் பிடித்தோம். கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாத், அரை மணி நேரம். அங்கேயே மேம்பால ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு பாத் என்பது அப்போது இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பணம் மாற்றுவதையும் இந்த அடித்தளம் வரை தள்ளிப்போடுங்கள். பெட்டி எடுக்கும் இடத்தில் இருக்கும் கவுன்ட்டர்களைவிட, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கவுன்ட்டர்களில் நல்ல விலை கிடைத்தது. ஏடிஎம் பக்கம் அடிக்கடி போக வேண்டாம். வெளிநாட்டுக் கார்டு என்றால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் நாள் 'கிராண்ட் பேலஸ்' என்கிற அரண்மனை. ரயிலில் சபான் தக்சின் போய், கீழே இருக்கும் சாத்தோன் படித்துறையில் சாவ் பிரயா ஆற்றுப் படகு ஏறினோம். சுற்றுலாப் படகுச் சீட்டைக் காட்டி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எங்கே என்று சீருடையில் இருந்த பெண்ணிடம் நானே போய்க் கேட்டேன். எங்கே இறங்கினாலும் 16 பாத். கண்டக்டர் அம்மா நீளமான உலோகக் குழாயைச் 'சளக் சளக்' என்று ஆட்டிக்கொண்டே வந்தார். அந்தக் குழாய்தான் அவருடைய பணப்பை. என் அம்மாவுக்கு அரண்மனையைவிட அந்தக் குழாய்தான் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

தா சாங் துறையில் இறங்கி நடந்தோம். வழியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். "இன்றைக்கு புத்த பூஜை, மதியம் வரை அரண்மனை மூடியிருக்கும்" என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். அதுவரை வேறு மூன்று கோயில்களைப் பார்க்கலாமாம், டுக்டுக் ஆட்டோவுக்கு வெறும் 20 பாத்தாம். வரைபடத்தில் வட்டமெல்லாம் போட்டுக் காட்டினார். இந்த வண்டி கடைசியில் எங்கே நிற்கும் என்று நான் முன்பே படித்திருந்தேன்: ரத்தினக்கல் கடையில், இல்லாவிட்டால் தையல் கடையில். அப்படியிருந்தும் ஒரு நிமிடம் தடுமாறினேன். அவ்வளவு மரியாதையான மனிதர். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்தாள். "கோயில் மூடியிருந்தா வாசல்ல போய்த் தெரிஞ்சுக்கலாம், வாடி."

வாசல் திறந்தே இருந்தது. தினமும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை திறந்திருக்கும், தெரியாதவர்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாத். கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ் எதற்கும் அனுமதியில்லை. அம்மாவின் புடவைக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. எனக்குத்தான் துப்பட்டா உள்ளே தெரிகிற மாதிரி மெல்லிசாக இருக்கிறது என்று சொல்லி, உள்ளே போட்டிருந்த சட்டையின் கையைச் சரிபார்த்துவிட்டு விட்டார்கள்.

அரண்மனைக்குள்ளேயே மரகத புத்தர் இருக்கும் கோயில், அதைச் சுற்றி நீண்ட பிராகாரம். சுவர் முழுக்க ராமகியென், அதாவது அவர்களுடைய ராமாயணம், 178 ஓவியங்களாக. அம்மா ஆஞ்சநேயரைத் தேடித் தேடி எண்ண ஆரம்பித்தாள். புத்தரைவிட அங்கேதான் நேரம் போனது. காலை முதல் ஆளாகப் போங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. மதியம் மூன்றானால் மழை கொட்டியது, அது தினமும் நடந்தது. குடையோடு ஒரு சால்வையும் வேண்டும். ரயில் பெட்டிக்குள் ஏசி எலும்பு வரை குளிர்கிறது.

சாப்பாட்டுக் கதை தனி. காய்கறி மட்டும் போட்ட வறுவல் என்றாலும் அதில் மீன் சாஸ் விழும், சிப்பி சாஸ் விழும். 'வெஜிடேரியன்' என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. 'ஜே' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத உணவு அது. மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்து இருக்கும் கடையில் அம்மா தைரியமாகச் சாப்பிட்டாள். காரம் வேண்டாம் என்றால் 'மாய் பெத்'. தயிர்சாதத்துக்கு, 'செவன் இலெவன்' கடையில் தயிர் டப்பா வாங்கி வெள்ளைச் சோற்றில் பிசைந்தோம். முதல் டப்பா பாயசம் மாதிரி இனித்தது. அடுத்த நாள் சர்க்கரை சேர்க்காதது எது என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன். அலமாரி முழுக்கத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. டாக்ஸிக்காரரிடம் 'வாட் கேக்' என்றால்தான் புரியும். வெள்ளிக்கிழமை போனோம். மாலையும் தேங்காயுமாக வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். திரும்பும்போது மழை. முதல் டாக்ஸி மீட்டர் போட மாட்டேன் என்று 300 கேட்டது, அடுத்ததும் அப்படியே. மூன்றாவது வண்டி மீட்டர் போட்டு வந்தது, 90 பாத்கூட ஆகவில்லை. பெரிய தகராறு வந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கடைசி நாள் விமான நிலைய ரயிலில் நல்ல கூட்டம். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையாலும் இருக்கையைக் காட்டினாள். அம்மா உட்காரவில்லை. பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் காதில் கேட்டாள்: "இது நாமளா கேட்டதா, தானா வந்ததா?"

"உக்காரும்மா," என்றேன்.