மூங்கிலை எண்ணினால் போதாது, துளையை எண்ண வேண்டும்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாற்றுப் பக்கம் மழைக்காலத்தில் தவளை தேடுபவர்களை முதலில் ஏமாற்றுவது சத்தம்தான். புதருக்குள்ளிருந்து கூப்பிடும், டார்ச் அடித்து இலை இலையாகப் பார்த்தாலும் எதுவும் தெரியாது. கூப்பிடும் ஆண், மூங்கிலுக்கு உள்ளே இருக்கும்.

இதுதான் ராவோர்செஸ்டெஸ் சலசோடெஸ் என்னும் புதர்த்தவளை. உடல் நீளம் 25 மில்லிமீட்டர்தான். 1876-இல் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்டார். 1874-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாதது மறுபடி கிடைத்ததென்று 2011 பிப்ரவரியில்தான் அறிவித்தார்கள். இத்தனை காலம் தப்பியதற்கு அதன் வீடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த வீடு, மலையாளத்தில் ஈற்ற எனப்படும் மெல்லிய மூங்கில். இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள குழலின் அடிப்பக்கம், பூச்சியோ எலியோ போட்டதாகக் கருதப்படும் கீறல் போன்ற ஒரு துளை இருக்கும்: 5 முதல் 10 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் தவளை உடம்பை நசுக்கிக்கொண்டு நுழைகிறது. உள்ளே 5 முதல் 8 முட்டைகள். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை.

உள்ளே பார்க்க, மெல்லிய குழாயின் நுனியில் கேமரா வைத்த எண்டோஸ்கோப்தான் வழி. சறுக்குவதும் அங்கேதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் கேமரா பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர் தடிமன், கீறலுக்குள் போகாது. கத்தி நுனியால் கொஞ்சம் அகலப்படுத்தலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இழை நெடுக்காகப் பிளந்துவிட்டால், அதுவரை நுழைய முடியாத பெரிய பிராணிகளுக்கும் வழி திறந்துவிடும். 4 மில்லிமீட்டருக்கும் மெல்லிய கேமராவாக வாங்குங்கள். அதுவும் நுழையாத துளையை ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள், ‘காலி’ என்று எழுதாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஈரக்காற்றில் லென்ஸ் மூடுபனி போலாகும். மென்துணியை உலர்ந்த டப்பாவில் வைத்திருக்க வேண்டும்.

முட்டைக்குக் காவல் அப்பன்தான். மாலையில் சில மணி நேரம் மட்டும் இரை தேட வெளியே வரும். அதை அப்புறப்படுத்திப் பார்த்த ஆய்வில், முட்டைகளைத் தின்றதில் முன்னால் நின்றது இதே இனத்தின் வேற்று ஆண்கள். ஆகவே முட்டை எண்ண நல்ல நேரம் அது வெளியே போயிருக்கும்போதுதான். ஆனால் துளை வாயில் கேமராவை மாட்டிவிட்டு நோட்டுப் புத்தகம் எழுத உட்காரக் கூடாது. திரும்பி வந்த அப்பன் வெளியே தவிக்கும். எண்ணிக்கை, படம், உடனே வெளியே.

இந்த மூங்கில் காகிதக் கூழுக்கும் வெட்டப்படுகிறது. ஒரு புதரில் நூறு கழி நின்றாலும், சரியான இடத்தில் சரியான அளவுத் துளை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ‘மூங்கில் நிறைய இருக்கிறதே’ என்ற வாதம் அதனால்தான் நிற்பதில்லை. கணக்குத் தாளில் கழி எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே துளையின் நீளம், அகலம், தரையிலிருந்து உயரம், கணுவிலிருந்து எவ்வளவு மேலே என்ற நான்குக்கும் கட்டம் போட்டுவிட வேண்டும். அடையாள நாடாவைக் கட்டுவதானால் துளையுள்ள குழலில் கட்டாமல், அதற்கு மேல் கணுவில் கட்டுங்கள். காற்றில் அடித்து வாயை மறைக்காது.