மே மாச லீவுக்கு வீட்லயே செஞ்சு பாத்தது: மஞ்சப் பேப்பர், வெந்தயக் கிண்ணம், நுங்கு வண்டி

பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. சம்மர் கேம்ப் ஃபீஸ் விசாரிச்சா ரெண்டு பேருக்கும் சேத்து கேக்குற காசுல ஒரு மாச மளிகையே வாங்கிடலாம் போல, அதனால இந்த லீவு பூரா வீட்ல இருக்குறத வச்சே ஓட்டுறதுன்னு நானும் அவங்க அப்பாவும் முடிவு பண்ணிட்டோம். மதுரை வெயில்ல பத்து மணிக்கு மேல புள்ளைங்கள வெளிய விடவும் முடியாது. இதுவரைக்கும் எது நல்லா வந்துச்சு, எது பாதியிலயே நின்னுச்சுன்னு எழுதுறேன், சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு உபயோகப்படும்.

எல்லாத்துலயும் பெரிய ஹிட்டு மஞ்சப் பேப்பர்தான். மஞ்சத்தூளை கொஞ்சமா தண்ணி விட்டு கெட்டியா கரைச்சு ஏ4 பேப்பர்ல பிரஷ்ஷால பூசி காய விட்டுடணும், கத்திரி வெயில் காலத்துல இதுக்கெல்லாம் காத்துக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. காஞ்சதும் மேல நிக்கிற தூளை தட்டி விட்டுட்டு, ஒரு கிண்ணத்துல துணி சோப்பு கரைச்ச தண்ணி, இன்னொண்ணுல எலுமிச்சம்பழச் சாறு, ஆளுக்கு ரெண்டு இயர்பட்ஸ். சோப்புத் தண்ணியத் தொட்டு எழுதுனா மஞ்சப் பேப்பர்ல செக்கச்செவேல்னு எழுத்து வருது, அது மேலயே எலுமிச்சை தொட்டா செவப்பு போயி திரும்ப மஞ்சளாயிடுது. சின்னவன் அவன் பேர எழுதுறதும் அழிக்கிறதுமா ஒரு மத்தியானமே போயிருச்சு.

எங்க அத்தை பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "இதுல என்னத்தா அதிசயம், ஆரத்திக்கு நான் என்னத்தக் கரைக்கிறேன், மஞ்சளும் சுண்ணாம்பும்தான"ன்னாங்க. அப்பதான் பெரியவளுக்கு சுருக்குன்னு பிடிபட்டுச்சு. மஞ்சள்ல இருக்குற குர்குமின்ங்கிற கலர்ச் சத்து, சோப்பு, சுண்ணாம்பு மாதிரி காரத்துல (மொளகா காரம் இல்ல) பட்டா செவக்கும், புளிப்பு பட்டா பழைய கலருக்கு வந்துடும். அதுக்கப்புறம் கிச்சன்ல ஒரு டப்பா விடல அவ, ஆப்ப சோடா போட்டா செவக்குது, உப்பு போட்டா ஒண்ணும் ஆகல, சீனிக்கும் ஒண்ணும் ஆகல, செவந்த இடத்துல புளித்தண்ணி விட்டா மஞ்சளாகுதுன்னு பழைய நோட்டுல கட்டம் போட்டு எழுதி வச்சிருக்கா. யாரும் எழுதச் சொல்லல, அதுதான் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒண்ணு மட்டும் கவனம், சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆபத்து, அத புள்ளைங்க கையில குடுக்காதீங்க, சோப்புத் தண்ணியே போதும்.

இதே மாதிரி சங்குப்பூ. பக்கத்து வீட்டு காம்பவுண்டுல படர்ந்து கெடக்கு, ஒரு கைப்பிடி பூவ சுடுதண்ணில போட்டா நல்ல நீலம் இறங்கும், எலுமிச்சை பிழிஞ்சா ஊதா ஆகி இன்னும் பிழிஞ்சா ரோஸ் ஆகுது, ஆப்ப சோடா போட்டா பச்சை. மூணு டம்ளர்ல மூணு கலரு, அத வச்சே படத்துக்கு கலரடிச்சாங்க.

அடுத்தது வெந்தயக் கிண்ணம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எங்க அத்தை வீட்டு மொறத்துல இன்னமும் பேப்பரும் வெந்தயமும் அரைச்சு மெழுகியிருக்கும், ஓட்டை அடைபடும், பூச்சியும் வராதும்பாங்க. அதே கூழ்ல கிண்ணம் செய்யலாம்னு அவங்களே சொன்னாங்க. பழைய நியூஸ்பேப்பர பொடிப்பொடியா கிழிக்கணும், அது முழுக்க சின்னவன் வேலை, கிழிக்கிறதுக்கு பர்மிஷன் குடுத்தா எந்தக் கொழந்தையாச்சும் வேணாம்னு சொல்லுமா. ராத்திரி பேப்பர தனியா, ஒரு சின்னக் கைப்பிடி வெந்தயத்த தனியா ஊறப் போட்டு, காலையில பேப்பர ஒட்டப் பிழிஞ்சு வெந்தயத்தோட சேத்து அரைச்சா வழவழன்னு பிசுபிசுப்பா வரும், பசையே வேற தேவையில்ல. மிக்ஸியில கொஞ்சம் கொஞ்சமா போட்டு அரைங்க, மொத்தமா போட்டா சுத்தாது.

எவர்சில்வர் கிண்ணத்தக் கவுத்து வச்சு மேல பாலிதீன் கவர் சுத்தி, அது மேல கூழ விரல் கனத்துக்கு அப்பணும். ஓரத்துல மெலிசா விட்டா காயும்போது வெடிச்சிரும், அங்க கொஞ்சம் கூடவே வச்சு தண்ணி தொட்டு தடவி விடணும். மொட்டமாடியில ஒரு நாள் அப்படியே காஞ்சதும் உள்ள இருக்குற கிண்ணத்த உருவிட்டு, உள்பக்கம் மேல பாத்த மாதிரி வச்சு மறுபடி ஒரு நாள். காஞ்சதும் டக்டக்னு மரக்கிண்ணம் மாதிரி சத்தம் வருது. வெந்தய வாசனை கொஞ்ச நாள் இருக்கும், எங்களுக்கு அது பிடிச்சிருக்கு. தண்ணி மட்டும் படக்கூடாது. இப்போ ஒண்ணுல பெரியவளோட கிளிப்பு, ரப்பர்பேண்டு, இன்னொண்ணுல புளியங்கொட்டை.

அந்தப் புளியங்கொட்டைக்கும் வேலை இருக்கு. நாலு கொட்டைய எடுத்து ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில தேய்ச்சா மேல் தோல் போயி வெள்ளையா ஆயிடும், அதுதான் தாயம் ஆடுறதுக்கு உருட்டுற பகடை. தேய்க்கத் தேய்க்க கொட்டை சூடாகும், அத ஒருத்தர் கையில ஒருத்தர் வச்சு கத்துறது தனி வெளையாட்டு. பெரியவ அப்பாவோட சாயங்காலம் தாயம் ஆடுறா. சின்னவன் இன்னும் வாயில பொருள் போடுற ஆளு, அதனால அவன் பக்கத்துல இருந்தா நான் எழுந்திரிக்கவே மாட்டேன்.

உப்பு மாவு எங்க வீட்ல ஓடல. ரெண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் தூள் உப்பு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு சப்பாத்தி மாவு பதத்துக்கு பிசையணும், அகல்விளக்கு, பிள்ளையார் எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு, ஆனா கையில சின்னக் கீறல் இருந்தாக்கூட எரியுதுன்னு ரெண்டும் எழுந்திருச்சு போயிருச்சுங்க. விருப்பமிருக்குறவங்க செஞ்சு பாருங்க.

நுங்கு வண்டிக்குத் தனியா செலவே இல்ல, எப்படியும் நுங்கு வாங்குறோம். நுங்கு எடுத்த கோந்தைய தூக்கிப் போடாம ரெண்ட ஒரே சைஸ்ல எடுத்து, ஒரு அடி நீளக் குச்சியோட ரெண்டு முனையிலயும் சொருகிட்டா சக்கரம் ரெடி. நடுவுல தள்ளுறதுக்கு நுனி கவட்டையா பிரிஞ்ச நீளக் குச்சி. குச்சி சொருகுற ஓட்டைய பெரியவங்க போட்டுக் குடுங்க, கத்தி வழுக்கும். ரெண்டு மூணு நாள்ல கோந்தை காஞ்சு சுருங்கி ஆட ஆரம்பிச்சுரும், அடுத்த தடவை நுங்கு வாங்கும்போது சக்கரம் மாத்திக்க வேண்டியதுதான். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல தெருவுல எங்க வீட்டு வண்டியோட சேத்து இப்போ எதிர்வீட்டுப் பையனோடதும் ஓடுது.

காசு குடுத்து வாங்குன கிராஃப்ட் கிட்டும் வீட்ல இருக்கு, டப்பாவுல போட்டுருக்குற படம் மாதிரியே செஞ்சு முடிச்சுட்டா அதோட அது முடிஞ்சுபோயிடுது, அடுத்து "இதுல அத ஊத்துனா என்னம்மா ஆகும்"ங்கிற கேள்வியே வர மாட்டேங்குது. அதனால அடுத்து பனை ஓலைக் காத்தாடி. நுங்கு விக்கிற அண்ணன்கிட்ட ஓலை கேட்டு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்னுருக்காரு. நடுவுல குத்துறதுக்கு நாங்க சின்ன வயசுல கருவேல முள்ளு வச்சோம், இவங்களுக்கு முள்ளு வேணாம், ஈர்க்குச்சி தாங்குதான்னு பாக்கணும்.