1993 எம்.எம். 540 ஜீப்: இரண்டரை ஆண்டுச் செலவு நோட்டிலிருந்து

2023 ஜூன் மாதம் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்த் தோட்டக்காரரிடமிருந்து 1993 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பை இரண்டே முக்கால் லட்ச ரூபாய்க்கு வாங்கினேன். 2,112 சி.சி. பியூஜோ டீசல் இன்ஜின், நான்கு கியர், நான்கு சக்கரங்களுக்கும் பட்டா ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும் கொண்ட வண்டி இது. பல ஆண்டுகள் போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் சென்றிருக்கிறது. வாங்கிய நாள் முதல் இதற்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

முதலில் வந்த தொல்லை காலையில் ஸ்டார்ட் ஆகாததுதான். மாலை வரை நன்றாக ஓடிய வண்டி, இரவு நின்றபின் இருபது முப்பது விநாடிகள் செல்ஃப் அடித்தால்தான் உயிர் பெறும். இந்த இன்ஜினில் டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பாயாமல் பக்கத்துச் சிற்றறையில் பற்றத் தொடங்குவதால், குளிர்ந்த நிலையில் அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் அவசியம் என்பதை அறிந்திருந்த நான், நான்கு பிளக்குகளையும் 2,400 ரூபாய்க்கு மாற்றினேன். பயனில்லை. பேட்டரி பழையது என்று 6,800 ரூபாய்க்குப் புதிது போட்டேன். செல்ஃப் வேகமாகச் சுற்றியதே தவிர இன்ஜின் எடுக்கவில்லை. அடுத்து, டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, பம்பைக் கழற்றி 16,500 ரூபாய் கொடுத்து ஓவர்ஹால் செய்தேன். வண்டி முன்பைவிடக் கொஞ்சம் நன்றாக இழுத்தது. காலைச் சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் பழைய ஜீப்புகளையே பார்த்து வரும் ஒரு மெக்கானிக், செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். "தம்பி, சைலன்சர்ல புகையே வரல. ஹீட்டர் போயிருந்தா வெள்ளைப் புகையாச்சும் வரும். இது டீசலே போகல, எங்கயோ காத்து ஏறுது" என்றார். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பாதை உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கே உள்ள ஓட்டையில் டீசல் வெளியே கசிவதற்கு மாறாகக் காற்று உள்ளே போகும். இரவெல்லாம் டீசல் மெதுவாக டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். தரையில் ஒரு சொட்டுக்கூட விழாததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைச் செருகினார். இன்ஜின் ஓடும்போது கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. டேங்க் அருகே வெடித்திருந்த ரப்பர் ஹோஸையும் இரண்டு செப்பு வாஷர்களையும் மாற்றி, ஃபில்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அழுத்தி ஏர் எடுத்தோம். மொத்தம் 340 ரூபாய். அதற்கு முன் 25,700 ரூபாயைச் செலவழித்திருந்தேன் என்பதை நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது சூடு. மெட்டு ஏறும்போது பத்தாவது வளைவுக்குள் முள் சிவப்புப் பக்கம் சாயத் தொடங்கியது. இந்த இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியத்தால் ஆனது. ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே வளைந்து, அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டைக் கெடுத்துவிடும் என்பதால், இதில் துணிச்சல் காட்டக் கூடாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டுத் தண்ணீரில் தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை, எனவே கேஸ்கட் பிழைத்திருந்தது. குற்றவாளி போர்த் தண்ணீர். ஆண்டுக்கணக்கில் உப்புத் தண்ணீரையே ஊற்றியதில் ரேடியேட்டர் குழாய்களில் பாதி சுண்ணாம்பு அடைத்துக் கிடந்தன. மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார்கள். வாட்டர் பம்ப், ஹோஸ், பெல்ட், கூலன்ட் எல்லாம் சேர்த்து 7,600 ரூபாய் ஆனது. இப்போது வாலை வடிநீரும் கூலன்ட்டும் தவிர வேறெதையும் ஊற்றுவதில்லை.

முன் அச்சின் ஆட்டம்தான் உண்மையில் பயமுறுத்தியது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பாலத்து இணைப்பில் ஏறியதும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாமல் வண்டியை நிறுத்தினால்தான் அடங்கியது. எல்லோரும் வீல் பேலன்ஸ் செய்யச் சொன்னார்கள். நான் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தேன், ஆடியது. என் மகன் பிரேக்கை மிதித்துப் பிடித்தபிறகும் அதே ஆட்டம் இருந்ததால், வீல் பேரிங் காரணமில்லை, முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங்தான் என்று தெரிந்தது. கிங்பின் மூடியின் அடியிலுள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்தால் பேரிங் இறுகும். என் வண்டியில் பேரிங்கே குழி விழுந்திருந்ததால் புதிது போட வேண்டியதாயிற்று. உள் ஆயில் சீலும் போயிருந்தது. அச்சின் கியர் ஆயில், அச்சின் நுனியில் சக்கரம் திரும்பும் உருண்டைக்குள் இறங்கி, அங்கிருந்த கிரீஸைக் கரைத்துச் சக்கரத்தின் உட்புறமெல்லாம் வழிந்திருந்தது. இரு பக்கமும் சேர்த்து 9,200 ரூபாய். ஸ்டீயரிங் கம்பிகளின் மூட்டுகளான டை ராட் எண்டுகளுக்குத் தனியாக 3,600 ரூபாய்.

பிரேக்குக்கு 11,400, இன்ஜின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டின் கிராஸ் ஜாயின்ட் மூன்றுக்கு 4,200, டயர் நான்குக்கு 22,000, துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி டிங்கரிங் செய்ய 14,000 என்று மற்றவை போயின. இவை எந்தப் பழைய வண்டிக்கும் வருபவை.

தார்ச்சாலையில், இன்ஜின் நான்கு சக்கரங்களையும் சுற்றவைக்கும் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு ஓட்டியது மட்டும் என் சொந்தத் தவறு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இல்லாததால், வளைவில் இரண்டும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருந்தும் ஓட முடியாமல் முறுக்கிக்கொள்கின்றன. சேறும் சரளையும் டயரை வழுக்கவிட்டு அந்த முறுக்கைத் தளர்த்தும், தார் தளர்த்தாது. நான்கு சக்கர ஓட்டத்தை எடுக்க முயன்றபோது அதன் லீவர் வெளியே வர மறுத்தது. சில அடி ரிவர்ஸ் எடுத்ததும் ஒரு "டொக்" சத்தத்தோடு விடுபட்டது.

காகிதச் செலவும் குறைவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்ததால், 2023 செப்டம்பரில் நான் கட்டியது 5,000. இருபது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025 இல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். 2028 இல் அதற்கும் தயாராக வேண்டும். 1,500 சி.சி.க்கு மேற்பட்டது என்பதால் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கே ஆண்டுக்கு 7,897 ரூபாயும் அதன்மேல் வரியும் ஆகின்றன. வண்டி மாதத்துக்கு இரண்டே முறை வெளியே போனாலும் இதில் சலுகை இல்லை.

இப்போது பாக்கி இருப்பது இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல். இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கிறேன். காலையில் ஐந்தாறு சொட்டுகள் விழுந்திருக்கும். சீலின் விலை அற்பம், ஆனால் அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட் இன்னும் ஓராண்டு தாங்கும் என்கிறார் அதே மெக்கானிக். அது தேய்ந்து கியர்பாக்ஸை இறக்கும் நாளில் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று, ஆயிலை மட்டும் வாரம் தவறாமல் பார்த்து ஊற்றி வருகிறேன்.