யாழ்ப்பாணத்திலை இலெக்ட்ரிக் கார்: வீட்டு வயறிங்கும் ஏ9 றோட்டு ஓட்டமும்

கார் வாங்கின பிறகு சந்திக்கிற ஆக்கள் எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், "சார்ஜ் எங்கை போடுறியள், இஞ்சை ஸ்டேஷன் இருக்கோ?" 2022 தட்டுப்பாட்டிலை பெற்றோல் செட் வாசல்லை கிடந்து காஞ்ச சனம், வேறை என்னத்தைக் கேக்கும். ஆனா குடாநாட்டுக்குள்ளை ஓடுற ஆளுக்கு ஸ்டேஷனை விட வீட்டு வயறிங்தான் முக்கியம், நான் மாரடிச்சதும் அதோடைதான்.

வண்டி நிசான் லீஃப், 40 கிலோவாற் அவர் பற்றறி, ஜப்பானிலை ஓடி, 2020இலை இறக்குமதி நிப்பாட்ட முதல் இஞ்சை வந்தது. அதோடை வந்த சார்ஜ் கேபிளின்ரை பிளக் எங்கடை சொக்கற்றுக்குப் பொருந்தாது. வழமையா அதை வெட்டிப்போட்டு 15 அம்பியர் உருண்டைக்கால் பிளக் போடுவினம். வயறிங் செய்யிற தம்பி அதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. "அண்ணை, அயன் பொக்ஸ் பத்து நிமிசம் வேலை செய்யும், இது விடிய விடிய இழுக்கும், சொக்கற் உருகும்" எண்டான். மீற்றர் பெட்டியிலயிருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர், கரண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டிற ட்ரிப் சுவிச்சும் தனியா, போர்ட்டிக்கோவிலை அந்த நீலக்கலர் 16 அம்பியர் சொக்கற் எண்டு வடிவாச் செய்து தந்தான். ட்ரிப் சுவிச் தனியா இருக்கோணும், இல்லாட்டி கார் ட்ரிப் ஆகேக்கை வீடு முழுக்க இருட்டாப் போகும், ஃப்ரிட்ஜ் நிண்டது விடியத்தான் தெரியும்.

எல்லாம் செய்து போட்டுக் குத்தினா கேபிள் பெட்டியிலை சிவப்பு லைற். கார் எடுக்குதே இல்லை. நானும் கேபிள்தான் பழுதாக்கும் எண்டு வித்த ஆளுக்கு ஃபோன் அடிச்சா, அவர் எடுக்கிற பாடில்லை. தம்பி ஒரு மெஷினைக் கொண்டு வந்து அளந்து பாத்திட்டு, "எர்த் இல்லை அண்ணை" எண்டான், கசியிற கரண்டை மண்ணுக்குள்ளை இறக்கிற கம்பியைத்தான் சொன்னவன். கம்பி இருக்கு, பேந்தென்ன எண்டு கேட்டா, கம்பி இருந்தாக் காணாதாம், அது ஈரமான மண்ணைப் பிடிக்கோணுமாம். எங்கடை பக்கம் ரெண்டு மூண்டு அடி இறங்கினா சுண்ணாம்புக்கல், வீடு கட்டேக்கை அடிச்ச கம்பி கல்லிலை முட்டி அரைவாசியிலை நிக்குது. மாரியிலை மண் நனைஞ்சு கிடக்க ஏதோ சமாளிக்கும், கோடையிலை காஞ்சாப் பிறகு இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஃபானுக்கும் ரீவிக்கும் இது தெரியாது, ஆனா கார் கேபிள் எர்த்தைச் சோதிச்சுப் பாத்துத்தான் கரண்டை விடும், எர்த் இல்லாட்டி விடாது.

கடைசியா கிணத்தடித் தண்ணி ஓடிற வாழைப்பாத்திக்குப் பக்கத்திலை கிடங்கு வெட்டி, கரியும் உப்பும் போட்டு, புதுக்கம்பி இறக்கி அங்கயிருந்து பச்சை வயர் இழுத்தம். மனிசிக்கு வாழை ரெண்டு போனதிலை கோவம். ஆனா அண்டைக்குப் பின்னேரமே பச்சை லைற் எரிஞ்சுது. இலெக்ட்ரிக் கார் எடுக்கிற யோசினை இருக்கிற ஆக்கள் காருக்கு அட்வான்ஸ் குடுக்க முதல் எர்த்தை ஒருக்கா அளந்து பாருங்கோ, கார் எடுக்காட்டியும் வீட்டுக்கு நல்லதுதான்.

பில் விசயம். சாதாரண வீட்டுக் கட்டணத்திலை 180 யூனிற்றைத் தாண்டினா கடைசிப் படி, அதுதான் ஆகக்கூடின விலை, காருக்கு எரியிறது முழுக்க அதுக்குள்ளை போய் விழும். நேரத்துக்கு ஒரு விலை எண்டு வேறை கட்டணமுறை இருக்கு, இரவு 10.30இலயிருந்து விடிய 5.30 மட்டும் மலிவு, பின்னேரம் 6.30இலயிருந்து 10.30 மட்டும் யானை விலை. நான் அதுக்கு மாறினனான். ஏழு மணித்தியாலத்திலை 3 கிலோவாற் படி ஒரு 20 யூனிற் ஏறும், ஏசி போட்டு நூறு கிலோமீற்றர் தாராளமா ஓடலாம். பருத்தித்துறைக்குப் போய் வந்தாலே எழுபதுக்குக் கிட்டத்தான் வருது, காங்கேசன்துறை சாவகச்சேரி எல்லாம் கணக்கிலையே இல்லை. கூரையிலை சோலார் போட்ட ஆக்களுக்கு இந்தத் தலையிடியும் குறைவு.

குடாநாட்டை விட்டு, ஆனையிறவு தாண்டினாத்தான் ஸ்டேஷன் கதை தொடங்குது. கொழும்பு 400 கிலோமீற்றர் மட்டிலை, என்ரை வண்டி ஒரு சார்ஜிலை 190, 200 ஓடும், வவுனியா 140 சொச்சம். அப்ப வவுனியாவிலை ஒருக்கா, குருநாகல் பக்கம் இன்னொருக்கா எண்டு பிளான் போட்டு வெளிக்கிட்டம். சார்ஜர் எங்கை இருக்கெண்டு காட்டிற ஃபோன் அப்பிலை வவுனியாவிலை ஒரு ஹொட்டல்லை ஃபாஸ்ட் சார்ஜர் எண்டு காட்டிச்சுது. போய் நிண்டா இருக்கிறது சிசிஎஸ் 2 எண்ட வகைக் கன், அதாவது காரிலை குத்துற பிளக், மட்டும். லீஃபுக்கு வேண்டியது சாடெமோ எண்ட ஜப்பான் வகை. 2025இலை இறக்குமதி திறந்த பிறகு வாற பிவைடி மாதிரிப் புது வண்டியளுக்கு எல்லாம் சிசிஎஸ், அதாலை புதுசா வைக்கிறவையும் அதையே வைக்கினம், பழைய ஜப்பான் வண்டிக்காரர் பாடு இனி வரவரக் கஸ்டம்தான். ஹொட்டல் காவல்கார ஐயா நல்ல மனிசன், "உங்கடை வண்டிக்கு அங்காலை ஒரு இடத்திலை இருக்குத் தம்பி" எண்டு கையைக் காட்டி விட்டார். அங்கை கன் சரி, ஆனா எங்களுக்கு முன்னாலை ஒரு வான், அந்த ஆள் 80 வீதம் தாண்டியும் கழட்டாமல் தேத்தண்ணி குடிக்கிறார். 80க்கு மேலை கடைசி இருபதும் ஆமை மாதிரித்தான் ஏறும், பின்னாலை ஆக்கள் நிண்டா கழட்டி விடுறதுதான் மரியாதை.

குருநாகல் பக்கம் ரெண்டாந்தரம் போடேக்கைதான் லீஃபின்ரை உண்மையான குணம் தெரிஞ்சுது. இந்தப் பற்றறிக்குத் தண்ணிக் கூலிங் இல்லை. ஏ9 வெய்யில்லை 90இலை ஓடி, ஒருக்கா ஃபாஸ்ட் சார்ஜும் போட்டு சூடேறி நிண்ட பற்றறி, ரெண்டாந்தரம் அரைவாசி வேகத்துக்குத்தான் எடுத்தது. வெளிக்கிடேக்கை டாஷ்போர்டிலை சூட்டு முள்ளைப் பாருங்கோ, 70, 75இலை நிதானமாப் போனா பற்றறி அவ்வளவு சூடேறாது, மொத்த நேரம் குறையும்.

இப்ப நான் வெளிக்கிட முதல் ரெண்டு இடத்துக்கு ஃபோன் அடிச்சுக் கேக்கிறது: சாடெமோ இருக்கோ, வேலை செய்யுதோ, இண்டைக்கு உங்கடை பக்கம் கரண்ட் கட்டோ. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்திலை ஒரு குரங்கு பாய்ஞ்சு முழு நாடும் இருண்டது எண்டு அமைச்சரே சொன்ன நாடு இது, அப்பை மட்டும் நம்பி வெளிக்கிடேலாது. தனிய கொழும்புக்குப் போறதெண்டா ரெயின்தான், காரை எடுக்கிறது அம்மாவும் பிள்ளையளும் வந்தா மட்டும்.