முதலீட்டாளருக்கான தொழில் திட்டம்: நாங்கள் எழுதி முடித்த விதம்

எங்கள் பொருளை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தொழிற்சாலை மோட்டாரின் மேல் ஒட்டிவைக்கும் சின்ன சென்சார் அது. மோட்டாரின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய ஆரம்பித்தால் அதிர்வு மாறும். அதைப் பிடித்து, மோட்டார் நின்றுபோவதற்கு முன்பே பராமரிப்பு ஆளுக்குத் தகவல் அனுப்பும். சென்சாரை எங்கள் செலவில் மாட்டிக் கொடுத்து மாதச் சந்தா வாங்குகிறோம். காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். அதற்கு மேல் வளர வெளிப் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணத்துக்காகத் தொழில் திட்டம் எழுதிய அனுபவம்தான் இது.

எழுத உட்காருவதற்கு முன்னால், இதைப் படிக்கப்போகிறவரின் கணக்கு என்ன என்று பார்த்தோம். துணிகர முதலீட்டு நிதி நடத்துகிறவர் போடுவது பெரும்பாலும் அடுத்தவர் பணம். அந்த நிதிக்கு வழக்கமாகப் பத்து ஆண்டு ஆயுள். போட்ட இடங்களில் பாதிக்கு மேல் போட்டதே திரும்பாமல் போகலாம். ஒன்றிரண்டு பெரிதாக வளர்ந்து மொத்த நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். அதனால் அவர் கேட்கும் முதல் கேள்வி ‘இது லாபமான தொழிலா?’ என்று இருக்காது. ‘இது எவ்வளவு பெரிதாகும், என் பணம் எப்போது, எப்படி வெளியே வரும்?’ என்றுதான் இருக்கும். வருடா வருடம் நிதானமாக லாபம் தரும் தொழில் வைத்திருப்பவர்களுக்கு வங்கிக் கடன் எவ்வளவோ மேல். நாங்களும் கடனா முதலீடா என்று கொஞ்ச நாள் இழுபறியில் இருந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தோம்.

எழுதுவதை எக்ஸெல்லில் ஆரம்பித்தோம். வேர்டு ஃபைலைத் திறந்தால் ‘எங்கள் தொலைநோக்கு’ என்று தலைப்புப் போட்டு அழகழகாக எழுதத் தோன்றும். எண்கள் அப்புறம் அந்த அழகுக்கு ஏற்ற மாதிரி வளைந்துகொடுக்கும். என் கூட்டாளிக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. ‘மொதல்ல கணக்கு நிக்குதான்னு பாரு, அப்புறம் கதை எழுதலாம்’ என்றான்.

எக்ஸெல்லின் முதல் பக்கத்தில் அனுமானங்கள் மட்டும். சந்தா எவ்வளவு, சென்சாரின் அடக்கவிலை எவ்வளவு, ஒரு விற்பனை ஆள் மாதத்தில் எத்தனை வாடிக்கையாளரைப் பிடிப்பார், மாதத்துக்கு எத்தனை சதவீதம் பேர் விலகுவார்கள், பில் போட்ட பிறகு பணம் வர எத்தனை நாள் ஆகும். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறிப்பு: ‘அளந்தது’, ‘விசாரித்தது’, ‘உத்தேசம்’. மற்ற எல்லாப் பக்கங்களும் இந்தப் பக்கத்திலிருந்தே எண்ணை எடுக்கும். வேறெங்கும் கையால் தட்டிய எண் கிடையாது. இங்கே ஒரு செல்லை மாற்றினால் கடைசிப் பக்கம் வரை எல்லாம் தானாக நகரும். நாங்கள் செய்த வேலைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான் என்பேன்.

இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கைச் சொல்கிறேன், அது இல்லாமல் மீதி புரியாது. ஒரு வாடிக்கையாளரைப் பிடித்து சென்சார் மாட்டிக் கொடுக்க எங்களுக்கு ஆகும் செலவு, அவர் தரும் 12 மாதச் சந்தாவுக்குச் சமம். இதில் 8 மாதச் சந்தா சென்சாருக்கே போய்விடும், மீதி 4 விற்பனைக்கும் மாட்டும் கூலிக்கும். வருகிற சந்தாவில் சர்வர், சர்வீஸ் எல்லாம் போக 75 சதவீதம் கையில் நிற்கும். அப்படியென்றால் போட்ட பணம் திரும்ப 16 மாதம் ஆகும். விலகுகிறவர்கள் மாதம் 3 சதவீதம். கேட்க சின்ன எண்தான். ஆனால் ஒரு வருடத்தில் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் போய்விடுகிறார்கள். சராசரியாக ஒரு வாடிக்கையாளர் 33 மாதம் இருப்பார். அவரால் எங்களுக்கு நிற்பது சுமார் 25 மாதச் சந்தா. 12 போட்டு 25 எடுக்கிறோம், இரண்டு மடங்கு. சந்தாத் தொழில்களில் முதலீட்டாளர்கள் மனதில் வைத்திருக்கும் தோராய அளவுகோல் 3 மடங்கு. அதே கணக்கில் விலகலை 2 சதவீதமாக்கினால் சராசரி ஆயுள் 50 மாதம், எடுப்பது 37.5, மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இந்த ஒரு சதவீத வித்தியாசம்தான் திட்டம் முழுவதையும் தீர்மானித்தது. அதுவரை நாங்கள் பணம் வந்ததும் விற்பனை ஆட்களை எடுப்பதாக நினைத்திருந்தோம். விலகியவர்களிடம் காரணம் கேட்டுக் குறித்து வைத்திருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலோர் சொன்னது ஒன்றே: பொய் எச்சரிக்கை. வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டும் மோட்டார்களில், பேரிங் நன்றாக இருந்தாலும் வேகம் மாறும்போது அதிர்வும் மாறும். எங்கள் மென்பொருள் அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொண்டு நள்ளிரவில் மணியடித்தது. மூன்று முறை ஓடிவந்து பார்த்த ஆள் நாலாவது முறை வரமாட்டார், ஐந்தாவது மாதம் சந்தாவும் வராது. ஆகவே வருகிற பணத்தின் முதல் பங்கு விற்பனைக்கு இல்லை, வேகத்தையும் சேர்த்து அளந்து எச்சரிக்கும் புதிய பதிப்புக்கு என்று எழுதினோம்.

சந்தை அளவுக்கு ‘உலகச் சந்தை இத்தனை லட்சம் கோடி, அதில் ஒரு சதவீதம் பிடித்தால் போதும்’ என்ற வகைக் கணக்கு போடவில்லை. அந்த ஒரு சதவீதத்தை எப்படிப் பிடிப்போம் என்பதற்கு அதில் பதிலே கிடையாது. கீழிருந்து மேலே போட்டோம்: எங்கள் சென்சார் பொருந்தும் மோட்டார் வகைகள், அந்த வகை மோட்டார்கள் இருக்கும் ஆலைகள், ஒரு ஆலைக்குச் சராசரி மோட்டார், ஒரு மோட்டாருக்கு வருடச் சந்தா. பெருக்கி வந்த எண் சிறியதுதான். இருந்தாலும் எந்த வரியைக் கேட்டாலும் பதில் இருந்தது.

போட்டியாளர் பக்கத்தில் நிறையப் பேர் ‘எங்களுக்குப் போட்டியே இல்லை’ என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கிறவர் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்: இவர்கள் தேடவில்லை, அல்லது சந்தையே இல்லை. எங்களுக்குப் பெரிய நிறுவனங்களின் விலை உயர்ந்த கருவிகள் போட்டிதான், அவற்றை எழுதினோம். ஆனால் முதல் வரிசையில் போட்டது, ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திச் சத்தம் கேட்கும் மெக்கானிக்கை. அனுபவமுள்ள மெக்கானிக் அப்படிக் கேட்டே பேரிங்கின் நிலையைச் சொல்லிவிடுவார், தனிச் செலவும் கிடையாது. அவரால் முடியாதது, இருநூறு மோட்டாரை ராத்திரி பகலாகக் கேட்பது. நாங்கள் விற்பது அந்த இடைவெளியைத்தான்.

ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் சால்மன் 1997இல் எழுதிய கட்டுரை ஒன்றில் திட்டத்தை நான்கு கோணத்தில் பார்க்கச் சொல்கிறார்: ஆட்கள், வாய்ப்பு, சூழல், ஆபத்தும் ஆதாயமும். பெரும்பாலான திட்டங்கள் எண்களுக்கே அதிக மையைச் செலவழிக்கின்றன என்பது அவர் குறை. ஐந்து வருடத்துக்கு மாதவாரியாகக் கணிப்பு போடுவது வெறும் கற்பனை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நாங்கள் முதல் 24 மாதத்துக்கு மாதவாரியாகவும் அதன்பின் வருடவாரியாகவும் நிறுத்திக்கொண்டோம். ஆட்கள் பற்றிய பக்கத்தில் பட்டங்களைச் சுருக்கி, இந்த வேலைக்கு இன்னும் யார் இல்லை என்பதையும் எழுதினோம். எங்கள் பங்குகள் நான்கு வருடத்தில்தான் முழுதாக எங்களுடையதாகும், முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடைக்காது என்ற ஏற்பாட்டை நாங்களே முன்கூட்டிப் போட்டிருந்தோம். எப்படியும் அவர்கள் கேட்கப்போவதுதான்.

எவ்வளவு பணம் கேட்பது? இதற்குப் பணப்புழக்கப் பக்கம் பதில் சொன்னது. ஒவ்வொரு புதிய வாடிக்கையாளருக்கும் 12 மாதச் சந்தாவை முன்னாலேயே செலவழித்துவிட்டு, 16 மாதம் காத்திருக்கிறோம். அதிலும் பில்லுக்குப் பணம் வர 60 நாள். வேகமாக விற்க விற்க வங்கி இருப்பு இன்னும் ஆழமாக இறங்கும். அந்தக் கோடு எங்கே அடிமட்டத்தைத் தொடுகிறதோ அந்தத் தொகை, அதோடு ஆறு மாதச் செலவுக்கான பணம். அடுத்த சுற்று முதலீடு திரட்டவே பல மாதம் பிடிக்கும், அதற்காக அந்த ஆறு மாதம். விலகல் 2 சதவீதத்துக்கு வந்தபின் சென்சார் வாங்கும் செலவை இயந்திரக் கடனுக்கு மாற்றுவோம் என்றும் குறிப்பிட்டோம். பங்கைக் கொடுத்து வாங்கிய பணத்தில் பெட்டி பெட்டியாக சென்சார் வாங்குவது கட்டுப்படியாகாது.

சுருக்கப் பக்கத்தைக் கடைசியில்தான் எழுதினோம். முதலீட்டாளரிடம் காட்டும் ஸ்லைடு தொகுப்பான பிட்ச் டெக்குக்கு, அமெரிக்க எழுத்தாளரும் துணிகர முதலீட்டாளருமான கை கவாசாகி (Guy Kawasaki) சொல்லும் 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயின்ட் எழுத்து என்ற கணக்கு வசதியாக இருந்தது. 30 பாயின்ட் எழுத்தில் ஒரு ஸ்லைடில் வளவளவென்று எழுதவே முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம்.

அனுப்ப ஆரம்பித்தபோது ரகசியம் காக்கும் ஒப்பந்தம் கேட்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டோம். முதல் கட்டத்தில் முதலீட்டாளர்கள் பெரும்பாலும் அதில் கையெழுத்துப் போடுவதில்லை. பொய் எச்சரிக்கையைக் குறைக்கும் நுட்பத்தை மட்டும் எழுதாமல், அதன் பலனை எழுதினோம். சிலரிடமிருந்து பதிலே இல்லை. சிலர் ‘நாங்கள் ஹார்டுவேரில் போடுவதில்லை’ என்றார்கள். அது அவர்கள் நிதியின் விதி, அதோடு வாதாடிப் பயனில்லை.

கடைசியில் பணம் போட்டவருடனான முதல் சந்திப்பு மட்டும் விவரமாக நினைவிருக்கிறது. அவர் டெக்கைத் திறக்கவேயில்லை. நேராக எக்ஸெல்லுக்குப் போய், அனுமானப் பக்கத்தில் ஃபில்டர் போட்டு, ‘உத்தேசம்’ என்ற வரிகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

“இதுல எது தப்பாப் போனா கம்பெனி படுத்துடும்?”

“விலகல், மேடம். 3 சதவீதம் அளந்தது. 2 சதவீதம் எங்க உத்தேசம்.”

அவர் அந்தச் செல்லில் 5 என்று தட்டினார். பணம் தீரும் மாதம் எங்களுக்கே வயிற்றைக் கலக்கும் அளவுக்கு முன்னால் வந்து நின்றது. அடுத்து 3 போட்டார், அப்புறம் 2. “சரி, புதுப் பதிப்பை ஏற்கெனவே யார் யார் சோதிச்சுப் பார்க்கறாங்க? அவங்க நம்பர் தாங்க” என்றார். கொடுத்தோம். ஒருவர் விடாமல் பேசியிருக்கிறார். கோபத்தில் விலகிப்போன ஒரு வாடிக்கையாளரையும் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். அந்த வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளைச் சொல்லும் டேர்ம் ஷீட் வந்ததும் நிறுவனத்தின் மதிப்பைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், நாங்களும் அப்படித்தான். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு 4, வரும் பணம் 1, மொத்தம் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலீட்டாளருக்கு 20 சதவீதம். அதே தாளில், ஊழியர்களுக்கென்று 10 சதவீதத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அது முழுக்க நிறுவனர்களின் பங்கிலிருந்து போகிறது. எங்களுக்கு நிற்பது 70 சதவீதம், அதாவது 5இல் 3.5. எழுதியிருப்பது 4 ஆனாலும் எங்கள் கைக்கு வரும் மதிப்பு 3.5தான். அடுத்த 18 மாதத்தில் யாரை எடுக்கப்போகிறோம் என்ற பட்டியல் திட்டத்திலேயே இருந்ததால், அதைக் காட்டி ஒதுக்கீட்டைக் கொஞ்சம் குறைத்துக் கேட்க முடிந்தது. நிறுவனம் விற்கப்பட்டால் முதலில் யார் எவ்வளவு எடுப்பார்கள் என்ற பிரிவை வக்கீல் இல்லாமல் படிக்காதீர்கள். போட்ட தொகையை முதலில் எடுப்பது அல்லது பங்காக மாற்றிக்கொள்வது, இரண்டில் ஒன்று என்றால் அது சாதாரணம். இரண்டும் வேண்டும் என்றால் பேச வேண்டியிருக்கும்.

அதன்பின் ட்யூ டிலிஜென்ஸ், அதாவது பணம் போடும் முன் முதலீட்டாளர் செய்யும் ஆவணச் சரிபார்ப்பு. ஒப்பந்தங்கள், வரித் தாக்கல், மென்பொருள் எழுதியவர்கள் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த தாள்கள். கேட்டதை ஃபோல்டர் ஃபோல்டராக ஏற்றிக்கொண்டே இருந்தோம், அதில் சொல்ல சுவாரசியமாக ஒன்றும் இல்லை. பணம் வந்தது. மாதா மாதம் முதலீட்டாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் புதிதாக ஒன்றும் தயாரிக்கவில்லை. அனுமானப் பக்கத்தையே அனுப்புகிறோம், ‘உத்தேசம்’ என்றிருந்த வரிகளில் எவை ‘அளந்தது’ ஆகியிருக்கின்றன என்று மஞ்சளில் காட்டி. விலகல் இப்போது 2.4.